ஜெர்வேயின் முகம் போட்ட சோப்பு

யூலாலியின் கணவன் ஜெர்வேயை மலை கொண்டுபோனது ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில். முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. எங்கள் தீவின் மலைக்கிராமமான பெத்தி ஃபோனில் மழைக்காக யாரும் அடுப்பை அணைப்பதில்லை. சரிவு முழுக்கப் பே என்னும் வாசனை மரங்கள். ஓடை திரும்புகிற இடமெல்லாம் ஒரு கொட்டகை, அதற்குள் இலையைத் திணித்து மூடிய, எண்ணெய் காய்ச்சும் வாலை. கீழே விறகு எரிய எரிய ஆவி குழாய்க்குள் ஏறி, ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து, கிராம்பு வாசத்தோடு எண்ணெயாகச் சொட்டும். ஊருக்கு வேறு தொழில் கிடையாது. கிரியோலில் அந்த மரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இந்திய மரம். இந்தியாவில் அப்படி ஒரு மரமே இல்லை என்கிறார்கள்.

யூலாலி வாசலில் உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஜெர்வே ஒரு கித்தான் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி கொட்டகைக்குக் கிளம்பினான்.

"விட்டுட்டு வாய்யா. ஓடையில தண்ணி செம்மண்ணா வருது பாரு."

"லேசான எண்ணெய்தான் இறங்கியிருக்கு. கனத்தது இன்னும் வரல. அது இல்லாம கொண்டுபோனா, வாங்குறவன் இதென்ன இலை கழுவின தண்ணியான்னு கேப்பான்."

"கேட்டா கேக்கட்டும்."

"நீ கிழங்கைச் சீவு. வந்து நானே மீனைப் பொரிக்கிறேன். நீ பொரிச்சா கருவாடா போயிடும்."

இதுதான் அவர்கள் பேசியது. யூலாலி பின்னால் என்னிடம் சொன்னபோது ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் லாரியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஆனால் அது நிற்கவே இல்லை. அவள் கத்தியோடு எழுந்து நின்று பார்த்தபோது கொட்டகை இல்லை, ஈரப்பலா மரம் இல்லை, ஓடை திரும்பும் இடமும் இல்லை. மலையின் வயிறு கிழிந்து சிவப்பாகத் தெரிந்தது.

ஜெர்வேயின் அண்ணன் ஃபெலிக்ஸும் மற்ற ஆண்களும் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தோண்ட மறுபக்கம் சரிந்தது. பிறகு அரசாங்கம் ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. சாலை அறுந்துபோனதால் மீன் படகுகளில்தான் எங்களை ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு மூட்டை. எனக்குத் துணியும், பைபிளும், ஒரு சட்டியும். யூலாலியின் கையில் மட்டும் வீட்டில் மிச்சமிருந்த எண்ணெய் கேன். மாற்றுத் துணிகூட இல்லை.

டெல்ஃபின் எங்கள் ஊரில் வாய் நீளமானவள். படகில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள். "புருஷன் மண்ணுக்கடியில கிடக்கான். இவ எண்ணெயைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு வரா."

யூலாலி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "கையில இதுதான் வந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டவளுக்கு மணி சொன்னது போல இருந்தது.

தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். மண்ணுக்குள் போய் உடல் கிடைக்காத எல்லோருக்காகவும் அங்கேயே பாதிரியார் பூசை வைத்தார். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு அலறல் எழுந்தது. ஜெர்வேயின் பெயர் வந்தபோது ஃபெலிக்ஸ் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். மகள் ஷெர்லா அழுதாள். அவள் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தவள். படகு பிடித்து வந்திருந்தாள். யூலாலி முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஷெர்லாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவள் நான். அதனால் அவளுக்கு நான் நெனென், ஞானத்தாய். அதே வழியில் யூலாலியும் நானும் ஒருவருக்கொருவர் மாக்கூமே. அந்த உறவு எங்கள் பக்கம் ரத்த உறவைவிட ஒரு பிடி அதிகம். ஷெர்லா திரும்பிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெனென், மம்மி ஏன் இப்படி இருக்காங்க? ஒரு தடவை அழுதாங்கன்னா போதும். நான் நிம்மதியா போவேன்."

"வரும்டி. நேரம் வேணும்."

"வீட்டுப் போட்டோ எல்லாம் போயிடுச்சு. என் போன்ல டாடி படம் ஒண்ணு இருக்கு. தொப்பி போட்டுக்கிட்டுச் சிரிக்கிற படம். நான்தான் எடுத்தேன். மம்மிக்கு அனுப்பியிருக்கேன். பாக்கச் சொல்லுங்க."

யூலாலி பார்த்தாள். "நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

பிறகு அரசாங்கம் எங்களுக்கு மேட்டு நிலத்தில் வரிசையாகச் சிமெண்டு வீடுகள் கட்டிக் கொடுத்தது. எல்லாம் ஒரே நிறம். ஆரம்பத்தில் ஆண்கள் சாயங்காலம் தப்பு வீட்டுக்குள் நுழைந்து திட்டு வாங்கினார்கள். அங்கேதான் யூலாலி அந்த எண்ணெயைக் கையில் எடுத்தாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குள் போனேன். அடுப்பில் ஒரு பழைய சட்டி. தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகைக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிப் பே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற, மாக்கூமே?"

"எதிர்வீட்டு மா எட்னாவுக்கு முட்டி வலியாம்."

"அதுக்கு டாக்டர் இருக்காரே."

"டாக்டர் இருக்காரு. எனக்கு இந்தக் கையை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல."

மா எட்னாவின் முட்டிக்குக் கேட்டதோ இல்லையோ, அவள் அதைப் பற்றிப் பேசின பேச்சு தெருவுக்கே கேட்டது. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று டப்பாவோடு ஆட்கள் வந்தார்கள். கேன் காலியானது. அதற்குள் ஃபெலிக்ஸும் சில ஆண்களும் தடையை மீறிப் பெத்தி ஃபோனுக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் ஆள் இல்லையே தவிர, மரங்கள் முன்னைவிடச் செழிப்பாக நின்றன. பகலில் இலை வெட்டி, ஒரு இரும்புப் பீப்பாயில் காய்ச்சி, இருட்டுமுன் எண்ணெயோடு திரும்பிவிடுவார்கள். ஃபெலிக்ஸ் அதைக் கொண்டுவந்து யூலாலியின் மேஜையில் வைப்பான். அவளை ஒருமுறை அங்கே கூப்பிட்டுப் பார்த்தான். "எதுக்கு?" என்றாள். பிறகு அவன் கூப்பிடவில்லை.

முன்பெல்லாம் எங்கள் எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறிப் போய்விடும். எங்கேயோ போய், சின்னச் சின்ன பாட்டில்களாகி, தங்க நிற எழுத்தோடு எங்கள் ஊர் மருந்துக்கடைக்கே திரும்பி வரும். சவரம் செய்த கன்னத்தில் தடவும் தண்ணீர், தலைமுடி எண்ணெய் என்று. எங்கள் ஆண்கள் அதைக் கிறிஸ்துமஸுக்கு வாங்குவார்கள். யூலாலி ஒரு நாள் மருந்துக்கடையில் அப்படி ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். "இதை நாமளே பாட்டில்ல அடைக்கலாமே" என்றாள். லட்சியம் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. மூடி திறந்திருந்தால் மூடுவது போன்ற ஒரு காரியமாகத்தான் அவளுக்கு அது தெரிந்தது.

அப்படித்தான் வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டோம். நான், யூலாலி, டெல்ஃபின், இன்னும் சில பெண்கள். தைலம், தலைமுடி எண்ணெய், பிறகு சோப்பு. சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மூலை பிடித்தோம். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் முகர்ந்து பார்த்து, ஆஹா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் வாங்குவார்கள். டெல்ஃபின் அவர்களைக் கிரியோலில் திட்டிக்கொண்டே சிரித்த முகத்தோடு பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்.

ஒரு நாள் சோப்புக் கூழைக் கிளறும்போது காஸ்டிக் சோடா யூலாலியின் மணிக்கட்டில் தெறித்தது. அவள் கிளறிக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்து வெள்ளையாகிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். பாய்ந்து போய் அவள் கையைக் குழாயடியில் பிடித்தேன்.

"எரியலையாடி உனக்கு?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "எரியுதுன்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

டெல்ஃபின் தன் வேலையை விட்டு எழுந்தாள். கையைத் துடைத்துவிட்டு, யூலாலி கிளறிக்கொண்டிருந்த துடுப்பைத் தான் வாங்கிக் கிளறினாள்.

மிஸ் ரெனெல் வந்தது அதற்கு அடுத்த வருஷம். ட்ரினிடாட்காரி. தீவுகளில் எண்ணெய், சோப்பு, முகப்பூச்சு செய்கிற சின்னச் சின்னக் கூட்டங்களை வெளிச்சந்தைக்குக் கொண்டுபோகும் ஏதோ ஒரு திட்டத்தில் வேலை. நல்ல பெண். வந்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு உட்கார்ந்து சோப்பு வெட்டினாள். எங்கள் சரக்கைச் சோதனைக்கு அனுப்பினாள், எது எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று சொன்னாள், கொட்டகைத் தரைக்கு ஓடு பதிக்க வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு, சோப்பைப் போட்டு விற்கும் பெட்டியைப் பற்றிய பேச்சுக்கு வந்தாள்.

"சோப்பு நல்லா இருக்கு. ஆனா நல்ல சோப்பு எல்லா தீவுலயும் இருக்கு. ஜமைக்காவுல இருக்கு, கிரெனடாவுல இருக்கு. ஏன் உங்களோடதை எடுக்கணும்? வாங்குறவங்களுக்கு ஒரு கதை வேணும்."

"என்ன கதை?" என்றாள் டெல்ஃபின். "இலை இருக்கு, எண்ணெய் இருக்கு. குளிச்சா அழுக்கு போகுது. இதுல கதை என்ன?"

மிஸ் ரெனெல் யூலாலியைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம், மிஸ் யூலாலி. நான் கேட்டதையே மறந்துடுங்க. உங்க கணவர் பேரு... அவர் காய்ச்சிக்கிட்டிருந்தப்போ..."

யூலாலி சோப்புத் தூளைத் துணியால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியில போடுங்க" என்றாள். "படம் வேணுமா? போன்ல ஒண்ணு இருக்கு."

எடுத்துக் கொடுத்தாள். தொப்பி போட்டுக்கொண்டு ஜெர்வே சிரிக்கிற படம்.

வீட்டுக்குப் போகிற வழியில் நான் கேட்டேன். "ஷெர்லாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எதுக்கு?"

"அவ எடுத்த படம்டி."

"படம் படம்தானே, மாக்கூமே."

நான் விட்டுவிட்டேன். கொட்டகைக்குப் பெரிய விற்பனை வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது.

பார்பேடோஸில் கண்காட்சி. எங்களைப் போலவே எல்லாத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஹெய்ட்டிக்காரர்கள் வெட்டிவேர் எண்ணெயோடு, ஜமைக்காக்காரர்கள் கறுத்த ஆமணக்கெண்ணெயோடு, கிரெனடாக்காரர்கள் ஜாதிக்காய் தைலத்தோடு. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் மூக்கு அரை மணி நேரத்தில் செத்துவிடும். எங்கள் மேஜைக்குப் பின்னால் ஜெர்வேயின் படத்தைக் கதவளவு பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். யூலாலி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

முதலில் அவள் சொன்னதில் எல்லாம் இருந்தது. செம்மண் தண்ணீர், கிழங்கு, மீனைப் பற்றி அவன் சொன்ன கிண்டல், எல்லாம். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கழன்றது. மீன் போனது. பிறகு கிழங்கு போனது. மத்தியானத்துக்குள் மழை, மலை, கணவன், எண்ணெய் என்று நாலு வரியாகி நின்றது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் அழுதார்கள். ஹோட்டல்களுக்குச் சாமான் வாங்கும் ஒரு பெண்மணி, குட்டைக் கூந்தல், முத்துமாலை, யூலாலியின் தோளில் சாய்ந்து விசும்பிவிட்டாள். யூலாலி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண்மணியின் நிறுவனத்துக்குப் பல தீவுகளில் ஹோட்டல்கள். குளியலறையில் வைக்கும் சின்ன சோப்பு, ஒவ்வொரு மாதமும் வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்தாள்.

மிஸ் ரெனெல் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். ஊரில் இருந்த டெல்ஃபின் தொலைபேசியில் "நிஜமாவா? நிஜமாவா?" என்று கத்தினாள். யூலாலி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமா இல்லையா உனக்கு?" என்றேன்.

"நல்ல விஷயம்தான்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "இப்ப அது எனக்கு நடந்த மாதிரியே இல்ல, மாக்கூமே. யாரோ ரேடியோவுல சொன்னதைக் கேட்டு நான் திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கு."

பெட்டிகள் அச்சாகி வந்தன. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் ஜெர்வே, கீழே அவன் பெயர். ஃபெலிக்ஸ் எண்ணெய் கொண்டுவந்தபோது மேஜை முழுக்கத் தம்பியின் முகம் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தான். எண்ணெயை இறக்கி வைத்தான்.

"இவனை வெச்சு வியாபாரமா?"

"எல்லாருக்கும் வேலை கிடைச்சிருக்கு, ஃபெலிக்ஸ். உனக்கும்தான்" என்றாள் டெல்ஃபின்.

"நான் உன்கிட்ட கேக்கல." அவன் யூலாலியைப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணினா சொல்ல மாட்டேனா?" என்றாள் அவள். அதில் எகத்தாளம் இல்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எண்ணெய் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, வேறொருவன் கையில்.

அந்த ஹோட்டல் நிறுவனத்துக்குக் குவாதலூப்பிலும் ஒரு ஹோட்டல் இருந்தது. அதில்தான் ஷெர்லா வேலை பார்த்தாள். இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஹோட்டல் பெயர் வேறு, நிறுவனத்தின் பெயர் வேறு. யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்?

ஒரு காலையில் சாமான் அறையில் ஷெர்லாவின் தள்ளுவண்டியில் புதுச் சோப்புகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் தன் தகப்பனைக் குளியலறைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். என்ன செய்கிறோம் என்றே அவளுக்கு விளங்கவில்லையாம். மறுநாள் அதே அறைகளுக்குக் கூட்டப் போனபோதுதான் விளங்கியது. நனைந்த பெட்டிகள் குப்பைக்கூடையில், தரையில், கழிப்பறைக்குப் பக்கத்தில். ஒன்றில் யாரோ சூயிங்கம்மை ஒட்டி வைத்திருந்தார்கள்.

அவள் தொலைபேசவில்லை. நேராகப் படகில் வந்து இறங்கினாள். நான் கொட்டகையில் இருந்தேன். உள்ளே வந்தவள் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் கவிழ்த்தாள். ஈரம் காய்ந்து சுருங்கிப்போன பெட்டிகள்.

"எண்ணிப் பாருங்க மம்மி. எங்க மாடியில மட்டும் இவ்வளவு. நான் பொறுக்கினது."

யூலாலி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ அங்கயா வேலை பாக்கற?"

"அதுவா உங்களுக்குக் கேள்வி?" ஷெர்லாவின் குரல் உடைந்தது. "டாடிக்குக் கல்லறைகூட இல்ல. ஒரு படம் இருந்துச்சு. உங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு அனுப்பினேன். அதைக் கொடுத்துட்டீங்க. தினமும் காலையில நானே வெக்கணும், மறுநாள் நானே குப்பையில போடணும். கூட வேலை செய்யற பொண்ணு, யாருடி இந்த ஆளு, பல்லைக் காட்டறான்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்!"

அதைச் சொன்ன பிறகு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு, சின்னக் குழந்தையைப் போல வாய்விட்டு அழுதாள். நான் கிட்டே போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள். யூலாலி நின்றபடியே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையிலிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்தாள். ஒட்டியிருந்த சூயிங்கம்மை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

"ஷெர்லா, பொய் சொல்ல மாட்டேன். இதைப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகல. இப்பவும் ஆகல. எனக்குள்ள எங்கயோ அடைச்சுப்போச்சு. அது எனக்கே தெரியுது" என்றாள். "ஆனா உனக்கு ஆகுதே. அதைப் பாக்க முடியுது எனக்கு. எடுத்துடலாம்."

டெல்ஃபின் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டாள். "எடுத்துடலாமா? யாரைக் கேட்டு? அந்த முத்துமாலைக்காரி சோப்புக்காகவா வாங்கினா? முகத்துக்காக வாங்கினா. முகம் போனா எங்க சோறும் போகும்."

"போனா போகட்டும்."

"உனக்குச் சுலபமா வருது, போனா போகட்டும்னு! என் வீட்டுல நாலு வாய் இருக்கு. படகுல நான் அன்னிக்குச் சொன்னது தப்பில்லடி. உனக்குக் கல்லு மனசுதான்."

"இருக்கலாம்" என்றாள் யூலாலி. "ஆனா அந்தப் படம் அவளோடது. நான் கேக்காம கொடுத்தேன். அதைத் திருப்பி வாங்கணும்."

அன்று டெல்ஃபின் துண்டை உதறிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பெண்கள் அவள் பின்னால் போனார்கள். யூலாலி மிஸ் ரெனெலைத் தொலைபேசியில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள். மிஸ் ரெனெல், "மன்னிச்சிடுங்க மிஸ் யூலாலி, மகள் இருக்காங்கன்னு தெரியும், கேக்கணும்னு எனக்குத் தோணாம போச்சு" என்றாளாம். யூலாலி, "எனக்கே தோணல, உங்களுக்கு எப்படித் தோணும்?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஹோட்டல்காரர்கள் உடனே கை கழுவிவிடவில்லை. இலை மட்டும் போட்ட பெட்டிக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சில மாதங்களில் பாதி ஹோட்டல்களில் நிறுத்திவிட்டார்கள். வேறு எங்கேயோ கடற்பாசி சோப்பு செய்யும் ஒரு தீவு அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதற்கு என்ன கதையோ. மீதி ஹோட்டல்கள் இன்னும் வாங்குகின்றன. டெல்ஃபினின் பயம் முழுசாகப் பலிக்கவில்லை. ஆனால் பொய்யும் ஆகவில்லை. அந்த வருஷம் கொட்டகையில் எல்லோருக்கும் பணமுடை. டெல்ஃபின் மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வந்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டையும் தொடரவில்லை. துடுப்பை எடுத்துக் கிளற ஆரம்பித்தாள். ஃபெலிக்ஸ் மறுபடியும் எண்ணெயைத் தானே கொண்டுவருகிறான்.

மிச்சமிருந்த பழைய பெட்டிகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எரிக்கலாம் என்றார்கள். ஷெர்லா வேண்டாம் என்றாள். அவளே உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஜெர்வேயின் முகம் உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து ஒட்டினாள். வெளியே வெறும் பழுப்பு அட்டை. சந்தையில் விற்கிற சோப்பை அதில்தான் போட்டோம். வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் உள்ளே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஷெர்லா ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாள். ஆனால் குவாதலூப்பை விடவில்லை. அங்கேயே எங்கள் சரக்கை வாங்கி, முடி திருத்தும் கடைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் போடுகிறாள். பிரெஞ்சு பேசுகிறவளுக்கு அங்கே கதவு திறக்கிறது. அம்மாவும் மகளும் வாரத்தில் பல முறை பேசிக்கொள்கிறார்கள். மூடி கசிகிறது, துறைமுகத்தில் சுங்கக்காரன் படுத்துகிறான், தைலம் வெயிலில் உருகிவிட்டது, இதுதான் பேச்சு. ஜெர்வேயைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. யூலாலி அழுதும் நான் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த அடைப்பு திறந்துவிட்டது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

போன ஈஸ்டருக்கு ஷெர்லா வந்துவிட்டுத் திரும்பினாள். வழியனுப்ப நானும் யூலாலியும் படகுத்துறைக்குப் போயிருந்தோம். தைலப் பெட்டிகளை ஏற்றி, ஷெர்லா மேல்தட்டில் நின்று கையாட்டி, படகு முனை திரும்புகிற வரைக்கும் நின்றோம். துறை வாசலில் ஒரு பெண், பேக் என்று நாங்கள் சொல்கிற மாவு ரொட்டியை எண்ணெயில் பொரித்து, உப்பு மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். யூலாலி போய் ஒன்று வாங்கினாள். கடித்தாள். மென்றாள். நின்றாள்.

"இது இன்னிக்கிப் பொரிச்சதா?"

"இல்ல, கொலம்பஸ் வந்தன்னிக்கிப் பொரிச்சது" என்றாள் ரொட்டிக்காரி. "திங்கறதுன்னா தின்னு, இல்லன்னா நகரு."

"நேத்து ரொட்டிடி இது. திரும்ப எண்ணெயில முக்கி எடுத்திருக்க. நான் எண்ணெய்க்காரி, என்கிட்டயேவா?"

"எண்ணெய்க்காரின்னா? உன் வாயிலயும் கொஞ்சம் விட்டுக்க, பேச்சு வழுக்கிக்கிட்டுப் போகும்."

"என் வாய் இருக்கட்டும். உன் மீனுல முள்ளு எடுக்கத் தெரியுமா உனக்கு? எங்க வீட்டுல ஒருத்தன் இருந்தான், அவன் பொரிக்கிற மீனைத் தின்னிருந்தா நீ இந்தச் சட்டியைக் கடல்ல தூக்கிப் போட்டிருப்ப!"

ரொட்டிக்காரி கரண்டியை ஓங்கினாள். யூலாலி இடுப்பில் கை வைத்து ஓரடி முன்னால் போனாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு டாக்ஸிக்காரன் என்னைப் பார்த்து, "உங்க ஆளுதானே, கூட்டிக்கிட்டுப் போங்கம்மா" என்றான்.

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளிடம் அந்தக் குரலைக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. நிழலாக ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்து, அவர்கள் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.